இரண்டு நொடி, 41 டெசிபல்

2024-25 நிதியாண்டில் இந்தியத் தெருக்களுக்குப் புதிதாக வந்து சேர்ந்த பேட்டரி வண்டிகள் 19,64,862. வாகன முகவர்களின் கூட்டமைப்பான ஃபாடா, தெலங்கானா நீங்கலாகப் பிற மாநிலங்களின் பதிவேடுகளிலிருந்து திரட்டிய கணக்கு இது. இருசக்கர வண்டி 11,49,334; மூன்று சக்கர வண்டி 6,99,063; கார் 1,07,645; பேருந்தும் லாரியும் சரக்கு வேனுமாக 8,820.

இந்த நான்கு எண்களையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025 செப்டம்பரில் வெளியிட்ட வரைவு அறிவிக்கையைப் படிக்க வேண்டும். பேட்டரி வண்டி மெதுவாகப் போகும்போது ஓசையே இல்லாமல் வருகிறது, நடந்து போகிறவர்களுக்கு அது ஆபத்து, ஆகவே வண்டியே ஒரு செயற்கை ஒலியை எழுப்பிக்கொண்டு வர வேண்டும் என்கிறது வரைவு. அந்தக் கருவிக்குத் தொழில் வட்டாரத்தில் ஏவாஸ் என்று பெயர். புதிய மாடல்களுக்கு 2026 அக்டோபர் 1 முதல், ஏற்கெனவே விற்பனையில் உள்ள மாடல்களுக்கு 2027 அக்டோபர் 1 முதல் கட்டாயம், தரநிலை ஏஐஎஸ்-173. நல்ல விதி, வர வேண்டிய விதி. ஆனால் அது தொடுவது எம், என் என்ற இரண்டு வாகன வகைகளை மட்டும்: காரை, பேருந்தை, லாரியை. மேலே உள்ள கணக்கில் அவை 1,16,465. நூற்றுக்கு ஆறுகூட முழுதாகத் தேறவில்லை, 5.9தான். மீதி 18,48,397 வண்டிகள் ஒரே ஆண்டில் விதிக்கு வெளியே தெருவில் இறங்கிவிட்டன.

நடந்து போகிறவர்களின் நிலைமை ஏற்கெனவே எப்படி இருக்கிறது? 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது அமைச்சகத்தின் ஆண்டறிக்கை. அதில் நடந்து போனவர்கள் 32,825, நாளொன்றுக்கு 90 பேர். முந்தைய ஆண்டு 29,124. ஓராண்டில் 3,701 கூடியிருக்கிறது. விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடு 64,105 என்று நாட்டிலேயே முதலிடம், இறப்பு 17,884. இந்த எண்களை ஓசையில்லாத வண்டிகளின் தலையில் கட்டிவிடக் கூடாது. இறப்புகளில் 71 விழுக்காட்டுக்கு அதிவேகமே காரணம் என்று அதே அறிக்கை சொல்கிறது. அதிவேகத்தில் எந்த வண்டிக்கும் ஓசை உண்டு. பேட்டரி வண்டியின் மௌனம் தீங்கு செய்வது மெதுவான இடங்களில்: சந்துமுனை, கடை வாசல், பள்ளி வாசல், பின்னோக்கி எடுக்கும் வாகன நிறுத்தம். அங்கே உயிர் போவது அரிது. இடுப்பெலும்பு முறியும். கண் தெரியாத ஒருவர் ஒருமுறை இடிபட்டால் அதன்பின் தனியாக வெளியே வர அஞ்சுவார். அந்தச் செலவு எந்த ஆண்டறிக்கையிலும் ஏறாது.

ஓசை குறைந்தால் விபத்து கூடுமா என்பதை முதலில் எண்ணிப் பார்த்தது அமெரிக்கா. 2008இல் ரிவர்சைடில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் லாரன்ஸ் ரோசன்ப்ளம், மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார்களின் ஒலியைப் பதிவுசெய்து, பின்னணி இரைச்சலோடு ஆட்களுக்குப் போட்டுக் காட்டினார். பெட்ரோல் காரை 28 அடித் தொலைவிலேயே கண்டுகொண்டார்கள். ஹைப்ரிட் காரை 7 அடியில். நேரமாக மாற்றினால் முன்னதற்கு ஏறத்தாழ 4 நொடி அவகாசம், பின்னதற்கு 1 நொடி.

அது ஆய்வுக்கூடம். தெருவில் நடந்ததை அந்நாட்டின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் எண்ணியது. 2011இல் வெளியான அதன் இரண்டாவது அறிக்கை 16 மாநிலங்களின் விபத்துப் பதிவுகளை எடுத்துக்கொண்டது. விபத்தில் சிக்கிய ஹைப்ரிட் கார்கள் 24,297. அவற்றுள் நடந்து போனவர்மேல் மோதியவை 186. பெட்ரோல் கார்கள் 10,01,100, அவற்றுள் 5,699. வகுத்துப் பார்த்தால் முன்னது ஆயிரத்துக்கு 7.7, பின்னது 5.7. மூன்றில் ஒரு பங்கு கூடுதல். மிதிவண்டிக்காரர்மேல் மோதியவை ஹைப்ரிட்டில் 116, பெட்ரோலில் 3,052. வேறுபாடு பாதிக்கும் மேல். இந்த மாதிரிக் கணக்கில் ஒரு நல்ல ஒழுங்கு இருக்கிறது: ஒரே நிறுவனங்களின் ஒத்த கார்களை, ஒரே வகைப் பதிவேட்டிலிருந்து எடுத்து ஒப்பிட்டிருக்கிறார்கள்.

பிரிட்டனின் எண்கள் இதைவிடப் பெரியவை, சிக்கலும் கூடியவை. 2013 முதல் 2017 வரை அங்கே காரோ டாக்சியோ மோதி அடிபட்ட பாதசாரிகள் 96,285. லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2024இல் அதைப் பிரித்தார்கள். 10 கோடி மைல் ஓட்டத்துக்குப் பெட்ரோல், டீசல் கார்களால் 2.40 பேர் அடிபட்டார்கள். மின்சார, ஹைப்ரிட் கார்களால் 5.16 பேர். கிராமப்புறச் சாலைகளில் வேறுபாடே தென்படவில்லை. நகரத்தில் மட்டும் ஏறத்தாழ மூன்று மடங்கு. இந்த எண்கள் செய்தித்தாள்களில் பறந்தன. அடிக்குறிப்பு பறக்கவில்லை: அடிபட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரை இடித்தது எந்த வகைக் கார் என்ற குறிப்பே பதிவில் இல்லை.

பிறகு லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜியா வதூத் 2019 முதல் 2023 வரையிலான பிரிட்டிஷ் விபத்துகளை எண்ணி 2025இல் வெளியிட்டார். 100 கோடி மைலுக்கு மின்சாரக் கார் 57.8, பெட்ரோல், டீசல் கார் 58.9. சமம் என்றே சொல்லலாம். ஹைப்ரிட் மட்டும் 120. ஹைப்ரிட் கார்கள் நகரங்களில் வாடகை வண்டியாக அதிகம் ஓடுகின்றன, ஆண்டுக்கு ஓடும் தூரமும் அதிகம் என்பது அதற்கான விளக்கங்களுள் ஒன்று. இரண்டு ஆய்வுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதலாவதில் பெட்ரோல் காரின் 2.40ஐ 100 கோடி மைலுக்கு மாற்றினால் 24; இரண்டாவதில் அதே பெட்ரோல் காருக்கு 58.9. ஒரே நாட்டின் ஒரே வகைக் கார் ஐந்தாறு ஆண்டில் இரண்டரை மடங்கு கொடியதாகிவிடவில்லை. ஓடிய தூரத்தை இருவரும் வேறு வேறு வழியில் கணக்கிட்டிருக்கிறார்கள். எனவே ஒவ்வோர் ஆய்வுக்குள்ளும் ஒப்பிடலாம், ஒன்றின் எண்ணை மற்றதன்மேல் வைக்கக் கூடாது.

இடைப்பட்ட காலத்தில் ஒன்று நடந்திருந்தது. ஐரோப்பாவில் 2019 ஜூலை 1 முதல் புதிய வகை மின்சார, ஹைப்ரிட் கார்களுக்கும், 2021 ஜூலை 1 முதல் விற்கப்படும் புதிய கார் அனைத்துக்கும் ஒலியெழுப்பி கட்டாயமாகியிருந்தது. இரண்டாவது ஆய்வில் மின்சாரக் காரின் எண் பெட்ரோல் காரோடு சமமாக வந்ததற்கு அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. தானாகப் பிரேக் பிடிக்கும் கருவிகளும் புதிய கார்களில் வந்துவிட்டன. ஆனால் கருவி வருவதற்கு முந்திய காலத்தில் நகரத்தில் மட்டும் வேறுபாடு, கிராமத்தில் இல்லை என்ற பாங்கு, ஓசையைத்தான் கைகாட்டுகிறது என்று நான் நினைக்கிறேன். வேகமாகப் போகும் சாலையில் எல்லா வண்டிக்கும் டயர் சத்தம் உண்டே.

அந்த டயர் சத்தம் எங்கே இஞ்சின் சத்தத்தை முந்துகிறதோ அதுதான் விதியின் எல்லைக்கோடு. ஐரோப்பாவும் ஜப்பானும் பின்பற்றும் ஐ.நா. விதி 138 அதை மணிக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்தது. அமெரிக்கா 30 என்று வைத்தது. நின்றுகொண்டிருக்கும் வண்டியும், கியர் பார்க்கில் இல்லாதவரை, ஒலிக்க வேண்டும் என்றது. ஐ.நா. விதி நிற்கும் வண்டியை விட்டுவிட்டது. சிக்னலில் கோலை ஊன்றி நிற்பவருக்குத் தன் முன்னால் வண்டி நிற்கிறதா, இடம் காலியா என்பதுதான் முதல் கேள்வி. இந்த ஒரு விஷயத்தில் அமெரிக்க விதியே எனக்கு மேலானதாகப் படுகிறது.

ஐ.நா. விதியின் எண்கள் இவை. வண்டியிலிருந்து 2 மீட்டர் தள்ளி அளந்தால், 10 கிலோமீட்டர் வேகத்தில் குறைந்தது 50 டெசிபல், 20 கிலோமீட்டரில் 56, பின்னோக்கி எடுக்கையில் 47. உச்சவரம்பு 75. இது போதுமா என்று பார்க்க ஒரு சிறு கணக்குப் போட்டேன். பேனாவும் காகிதமும் இருந்தால் யாரும் போடலாம். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும். நடந்து போகிறவருக்குக் கேட்டு, திரும்பிப் பார்த்து, காலைப் பின்னெடுக்க இரண்டு நொடியாவது வேண்டும். 10 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி இரண்டு நொடியில் ஓடுவது 5.6 மீட்டர், அந்தத் தொலைவில் 50 டெசிபல் தேய்ந்து 41 ஆகிவிடும். 20 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடித் தூரம் 11 மீட்டர். 56 டெசிபல் தேய்ந்து அங்கும் 41. வேகம் இரட்டித்தால் தூரமும் இரட்டிக்கிறது, விதி அதற்குச் சரியாக 6 டெசிபலைக் கூட்டித் தந்திருக்கிறது. எந்த வேகத்தில் வந்தாலும் காதுக்கு ஒரே அளவு அவகாசம். விதியை எழுதியவர்கள் பொறுப்போடு எழுதியிருக்கிறார்கள் என்பது இந்த இடத்தில் தெரிகிறது.

ஆனால் அந்த 41 எந்தத் தெருவில் கேட்கும்? இந்தியாவின் ஒலி மாசு விதிகள், 2000, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வரம்பு வைத்திருக்கின்றன. வணிகப் பகுதிக்கு 65, 55. மருத்துவமனை, பள்ளி சூழ்ந்த அமைதி மண்டலத்துக்கு 50, 40. சட்டம் சொல்லும் அமைதி அப்படியே நிலவினால்கூட, 41 டெசிபல் மேலே வருவது ஒரே ஓர் இடத்தில், ஒரே ஒரு பொழுதில்: அமைதி மண்டலத்தின் இரவில். தியாகராய நகர் ரங்கநாதன் தெருவிலோ மதுரை மாசி வீதிகளிலோ மாலை நேரத்தில் வரம்பு எங்கே நிற்கிறது என்பது அங்கே நடந்தவர்களுக்குத் தெரியும்.

இதோடு கணக்கை மூடினால் அது தப்புக் கணக்கு. காது மொத்த டெசிபலை மட்டும் அளக்கும் கருவி அன்று. இரைச்சலுக்கு நடுவே ஒரு குறிப்பிட்ட சுருதி தனித்து நின்றால், மொத்த அளவு குறைவாக இருந்தாலும் காது அதைப் பிடித்துவிடும். நாதஸ்வரமும் தவிலும் முழங்கும் கல்யாண மண்டபத்தில் குழந்தையின் அழுகுரல் தாயின் காதுக்கு மட்டும் தனியாக வந்து சேர்வதில்லையா, அப்படி. அதனால்தான் விதி, ஒலியின் சக்தி குறைந்தது இரண்டு அலைவரிசைப் பட்டைகளில் குவிய வேண்டும், அதில் ஒன்று 1,600 ஹெர்ட்ஸுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. வயதானால் முதலில் மங்குவது உச்ச ஒலிகளைக் கேட்கும் திறன். கீச்சென்ற ஒலியை மட்டும் எழுப்பும் வண்டி, எழுபது வயதுக்காரருக்கு மௌன வண்டிதான்.

இங்கே பொறியியலோடு இசையும் சேர்கிறது. வண்டி வேகமெடுக்கிறதா, மெதுவாகிறதா என்பது சுருதியிலேயே தெரிய வேண்டும் என்பதற்காக, வேகம் ஒவ்வொரு கிலோமீட்டர் கூடும்போதும் அதிர்வெண் குறைந்தது 0.8 விழுக்காடு ஏற வேண்டும் என்று விதி வகுத்திருக்கிறது. 5இலிருந்து 20 கிலோமீட்டர் வரை 15 படிகள், 12 விழுக்காடு. நம் சங்கீதக் கணக்கில் சட்ஜத்துக்கும் சதுச்ருதி ரிஷபத்துக்கும் உள்ள இடைவெளி 9க்கு 8 என்ற விகிதம், 12.5 விழுக்காடு. ஏறத்தாழ அந்த ஒரு ஸ்வர ஏற்றத்தில் வண்டியின் வேகம் முழுவதையும் சொல்லியாக வேண்டும். சின்ன இடம். அந்தச் சின்ன இடத்தில் இத்தனை ஆண்டுகளாக நடந்த உழைப்பை வியக்காமல் இருக்க முடியவில்லை.

2010இல் வந்த நிசான் லீஃப் காரின் ஒலி 600 ஹெர்ட்ஸிலும் 2,500 ஹெர்ட்ஸிலும் உச்சம் கொண்டது. 600 முதியவர்களுக்காக, 2,500 நல்ல காது உள்ளவர்களுக்காக. நடுவே 1,000 ஹெர்ட்ஸ் அளவில் ஒலியைத் தாழ்த்தியிருந்தார்கள், ஊர் இரைச்சலில் தன் பங்கைக் கூட்டாதிருக்க. வேகமெடுக்கும்போது 30 கிலோமீட்டரில் நிற்கும், வேகம் தணியும்போது 25க்குக் கீழே மறுபடி தொடங்கும். ரெனோ நிறுவனம் ஜோயி காருக்காகப் பாரிஸின் இர்காம் ஒலி ஆய்வகத்தோடும் இசையமைப்பாளர் ஆந்திரேயா சேராவோடும் சேர்ந்தது. பிஎம்டபிள்யூ ஹான்ஸ் ஜிம்மரை அழைத்தது. எனக்கு இவற்றுள் மிகவும் பயனுள்ளதாகப் படுவது ஜாகுவார் ஐ-பேஸ் காரின் அனுபவம். பொறியாளர்கள் நான்கு ஆண்டு உழைத்தார்கள். முதலில் விண்கலம் போன்ற ஓர் ஒலியை வைத்துப் பார்த்தார்கள். தெருவில் நின்றவர்கள் சாலையைப் பார்க்காமல் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். அதைக் கைவிட்டு, வழிகாட்டி நாய்களைப் பழக்கித் தரும் பிரிட்டிஷ் அறக்கட்டளையோடு சேர்ந்து, பார்வையற்றவர்களைக் கொண்டே சோதித்து 2018இல் புதிய ஒலியை முடிவு செய்தார்கள். கேட்க இனிமையாக இருப்பதும் வண்டி என்று புரிவதும் வேறு வேறு தேவைகள். இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவதால் பயனில்லை.

இதன் மறுபக்கம் டெஸ்லா. வண்டி ஓடும்போதும் வெளி ஸ்பீக்கரில் பாட்டும் விளையாட்டு ஒலிகளும் போடலாம் என்ற வசதி, பாதசாரி எச்சரிக்கை ஒலியை மறைத்துவிடுகிறது என்று 2022 பிப்ரவரியில் அமெரிக்காவில் 5,78,607 கார்கள் திருத்தத்துக்குத் திரும்ப அழைக்கப்பட்டன.

பணக் கணக்குக்கு வருகிறேன். அமெரிக்காவில் இதற்கான சட்டத்தில் ஒபாமா கையெழுத்திட்டது 2011 ஜனவரி 4. இறுதி விதி 2016 டிசம்பர். எல்லாப் புதிய வண்டிக்கும் முழுமையாக வந்தது 2021 மார்ச் 1. பத்தாண்டு. விதியை வெளியிட்டபோது நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் வைத்த மதிப்பீடு: தொழில்துறைக்கு ஆண்டுக்கு 3.9 கோடி டாலர் செலவு, 2020ஆம் ஆண்டு மாடலில் 5,30,000 வண்டிகள், ஆண்டுக்கு 2,400 காயங்கள் தவிர்க்கப்படும், அதன் பண மதிப்பு 25 முதல் 32 கோடி டாலர். வண்டிக்கு 74 டாலர். ஒரு டாலர் போட்டால் 6.4 முதல் 8.2 டாலர் மிச்சம். சாலைப் பாதுகாப்புச் செலவுகளில் இவ்வளவு தெளிவான லாபக் கணக்கு அடிக்கடி கிடைக்காது. ஜப்பானில் டொயோட்டா 2010 ஆகஸ்டில், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பிரியஸ் கார்களுக்கே மாட்டிக்கொள்ளும்படி இதே கருவியைத் தனியாக விற்றது. விலை, மாட்டும் கூலி நீங்கலாக, 12,600 யென். கட்டாயம் என்று சட்டம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அது கடையில் கிடைத்தது.

இந்தியக் கார்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. டாடா கர்வ், ஹூண்டாய் கிரெட்டா எலக்ட்ரிக், மஹிந்திரா பிஇ 6, எம்ஜி காமெட் போன்றவற்றில் சட்டத்துக்கு முன்பே ஒலியெழுப்பி வந்துவிட்டது. சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து ஓடத் தொடங்கிய 120 மின்சாரப் பேருந்துகளின் வகை விதிக்குள் வருகிறது. லண்டனில் 2020இலேயே 100ஆம் எண் பேருந்தில் தனி ஒலியை அமைத்துச் சோதித்தார்கள். சென்னைப் பேருந்துக்கும் பார்வையற்ற பயணிகளை உட்கார வைத்துக் கேட்டு ஓர் ஒலியைத் தேர்ந்தெடுத்தால் நன்றாக இருக்கும்.

கவலை அந்த 18 லட்சத்து 48 ஆயிரத்தைப் பற்றி. மேலைநாட்டு விதிகள் நான்கு சக்கரத்தோடு நின்றதற்குக் காரணம் உண்டு. அங்கே தெருவை நிரப்புவது கார். அமெரிக்க வரைவில் மோட்டார் சைக்கிளும் இருந்தது, இறுதி விதியில் விட்டுவிட்டார்கள். அந்த நாட்டின் வண்டிக் கணக்குக்கு அது பெரிய இழப்பில்லை. நாம் அதே சட்டகத்தைத் தூக்கி இங்கே வைக்கும்போது நூற்றில் 94 வெளியே விழுகிறது. இயற்பியலும் ஸ்கூட்டருக்கு எதிராக இருக்கிறது. டயர் நான்கிலிருந்து இரண்டானாலே 3 டெசிபல் போய்விடும். ஒல்லி டயர், குறைந்த எடை என்று இன்னும் குறையும். ஆக கார் 20 கிலோமீட்டரில் தன் டயராலேயே கேட்கத் தொடங்குகிறது என்றால், ஸ்கூட்டர் அதைவிட வேகமாகப் போகும்போதும் மௌனமாகத்தான் வரும். கார் நுழைய முடியாத சந்திலும் அது வரும், நடைபாதை மேலேயும் ஏறி வரும், எதிர்த்திசையிலும் வரும்.

இதற்குள் இன்னொரு கூட்டம் இருக்கிறது. மோட்டார் திறன் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் அது சட்டப்படி மோட்டார் வாகனமே இல்லை. பதிவு வேண்டாம், ஓட்டுநர் உரிமம் வேண்டாம். எனவே ஃபாடாவின் கணக்கிலும் வராது. ஆனால் 0 முதல் 25 வரை என்பது ஓசையில்லாத வேகத்தின் முழு வீச்சு. தன் வாழ்நாள் முழுவதையும் அந்த வீச்சுக்குள்ளேயே ஓட்டித் தீர்க்கும் வண்டி அது. இ-ரிக்‌ஷாவின் உச்ச வேகமும் 25தான்.

ஸ்கூட்டருக்கு ஒலியெழுப்பி வைத்தால் பேட்டரி தீரும் என்பார்கள். 5 வாட் ஸ்பீக்கர் என்று வைத்துக்கொள்வோம். 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 3 நிமிடம், செலவு 0.25 வாட்-மணி. வண்டி ஓட அதே கிலோமீட்டருக்கு 25 முதல் 30 வாட்-மணி வேண்டும். நூற்றுக்கு ஒன்று. அதுவும் மெதுவாகப் போகும் நேரத்துக்கு மட்டும். 100 கிலோமீட்டர் ஓடும் வண்டி 99 ஓடும்.

ஊரில் இருக்கிற சத்தம் போதாதா என்பது அடுத்த கேள்வி, நியாயமான கேள்வி. அதற்கும் எண்ணே பதில் சொல்லும். இந்தியாவில் 80 முதல் 175 சி.சி. வரையிலான இருசக்கர வண்டி, வேகமெடுத்துக் கடந்து போகும்போது 7.5 மீட்டர் தொலைவில் 77 டெசிபல் வரை ஒலிக்கலாம். அதை 2 மீட்டருக்கு மாற்றினால் 88. ஏவாஸின் 56க்கும் அதற்கும் 32 டெசிபல் வித்தியாசம். ஒலித் திறனில் ஆயிரத்து அறுநூறு மடங்கு. முழு வேகமெடுப்பை மெதுவோட்டத்தோடு ஒப்பிடுகிறோம் என்பதைக் கழித்துக்கொண்டாலும், பத்து மின்சார ஸ்கூட்டர்கள் ஒன்றாக ஒலித்தால் கூடுவது 10 டெசிபல்தான், 66. பெட்ரோல் வண்டி ஒன்றின் வரம்பைத் தொட இன்னும் நெடுந்தூரம்.

உண்மையில் ஒலியெழுப்பி இல்லாத ஸ்கூட்டர் மௌனமாகவும் போவதில்லை. தன் வண்டி கேட்கவில்லை என்பது ஓட்டுபவருக்குத் தெரியும். கட்டைவிரல் ஹாரனிலேயே இருக்கும். ஐ.நா. விதி 28, 7 கிலோவாட்டுக்கு உட்பட்ட இருசக்கர வண்டியின் ஹாரன் 7 மீட்டரில் குறைந்தது 83 டெசிபல் இருக்க வேண்டும் என்கிறது. உச்சம் 112. ஸ்கூட்டரின் குறைந்தபட்ச ஹாரனை 2 மீட்டருக்கு மாற்றினால் 94. ஏவாஸைவிட 38 டெசிபல் அதிகம், திறனில் ஆறாயிரம் மடங்கு. ஹாரன் ஒருவரைத் திடுக்கிட வைக்கிறது, தெருவில் உள்ள அத்தனை பேரையும் துன்புறுத்துகிறது. தொடர்ந்து வரும் மெல்லிய ஒலியோ, வண்டி எங்கே, எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று தேவைப்படுபவருக்கு மட்டும் சொல்கிறது. 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50,32,463 பேர். ஹாரன் அடித்த பிறகு எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பதை அவர்கள் எதை வைத்து முடிவு செய்வார்கள்?

தமிழ்நாட்டுக்கு இதில் தனிப் பொறுப்பு இருக்கிறது. நாட்டில் தயாராகும் மின்சார இருசக்கர வண்டிகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு இங்கே தயாராவதாக மாநில அரசு பெருமையோடு சொல்கிறது. ஓசூரில் டிவிஎஸ், ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா, ராணிப்பேட்டையில் ஆம்பியர். இந்த நான்கு நிறுவனங்களின் வடிவமைப்பு மேசைகளில் முடிவாவது நாட்டின் பெரும்பாலான தெருக்களுக்குப் போய்ச் சேரும். ஸ்பீக்கர் வைத்த ஸ்கூட்டர் ஏற்கெனவே சந்தையில் உண்டு, ஓலா எஸ்1 ப்ரோவைப் போல. வண்டியின் வேகத்தை அறியும் கணினி எல்லாவற்றிலும் உண்டு. மேல்ஸ்தாயியும் கீழ்ஸ்தாயியும் கலந்த ஓர் ஒலி, வேகத்தோடு ஏறும் சுருதி, முன்னோக்கிய சிறு ஸ்பீக்கர். இவற்றைத் தயாரிப்பின்போதே சேர்ப்பதற்கு ஒரு வண்டிக்கு 500 ரூபாய் என்று தாராளமாகவே வைப்போம்.

11,49,334 வண்டிக்கு அது 57 கோடியே 47 லட்சம் ரூபாய். 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் 24.79 லட்சம் மின்சார இருசக்கர வண்டிகளுக்கு ஒதுக்கிய மானியம் 1,772 கோடி. வண்டிக்குச் சராசரியாக 7,148 ரூபாய். அந்த மானியத்துக்கு உள்நாட்டு உதிரிபாகம் போன்ற நிபந்தனைகள் இருந்தன. ஒலியெழுப்பி இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. இருந்திருந்தால் அது தின்றிருப்பது மானியத்தில் 7 விழுக்காடு.

இன்னொரு வேலைக்குச் செலவே கிடையாது. பிரிட்டனில் விபத்துப் பதிவையும் வாகனப் பதிவையும் இணைத்ததால்தான் 5.16 என்றும் 57.8 என்றும் எண்கள் கிடைத்தன. இந்தியாவில் விபத்து நடந்ததும் காவல்துறை பதியும் இ-டார் தளம், வாகனப் பதிவேடான வாகனோடு ஏற்கெனவே இணைக்கப்பட்டிருக்கிறது. வண்டி எண்ணைத் தட்டினால் அது பெட்ரோலா பேட்டரியா என்று தெரிந்துவிடும். ஆண்டறிக்கையில் ‘மோதிய வண்டி’ என்ற அட்டவணையில் எரிபொருள் என்று ஒரு நெடுவரிசையைச் சேர்த்தால், 2027 அக்டோபருக்குள் நம் தெருக்களுக்கான நம் எண் நம் கையில் இருக்கும். பதிவெண்ணே இல்லாத 25 கிலோமீட்டர் வண்டிகளை மட்டும் அப்போதும் காவலர் கையால்தான் எழுத வேண்டியிருக்கும். படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் வேண்டும்.